கேமரா பார்க்கிறது, சரி. எத்தனை நாள் ஞாபகம் வைத்திருக்கிறது?

(நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பொதுக்குழுவில் கடைசியாக, பொங்கலும் வடையும் வந்து இறங்கிவிட்ட நேரத்தில் எனக்குப் பேச இடம் கிடைத்தது. பாதிப் பேர் கையில் தட்டோடு நின்றபடிதான் கேட்டீர்கள். கூட்டத்துக்கு வராதவர்கள் இருக்கிறார்கள், வந்தும் கணக்கை மறந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டார். பேசியதைத்தான் எழுதியிருக்கிறேன். எண்களை மட்டும் வீட்டுக்குப் போய் இன்னொரு முறை போட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் நடந்ததை முதலில் சொல்கிறேன். உங்களில் பலருக்குத் தெரியும். விடியற்காலை, வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாவின் செயினை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் கீறல், முழங்கையில் சிராய்ப்பு. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் அந்த வாசலில் கோலம் இல்லை.

அன்றைக்குத் தெருவில் மொத்தம் ஏழு கேமரா இருந்தன. மூன்றில் அந்த பைக் தெரிந்தது. இரண்டு பேரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், நம்பர் பிளேட்டில் சேறு. அது உதவாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நான்கு நாள் கழித்து ஒரு காவலர் வந்து வீடு வீடாகக் கேட்டார்: "சார், இவங்க அன்னிக்கு மட்டும் வந்திருக்க மாட்டாங்க. ஒரு வாரம், பத்து நாள் முன்னாடியே தெருவைச் சுத்திப் பாத்திருப்பாங்க. அப்ப ஹெல்மெட் போட்டிருக்க மாட்டாங்க. அந்த வாரத்து ரெக்கார்டு யார்கிட்டயாவது இருக்கா?"

ஒருவரிடமும் இல்லை.

ஏன் இல்லை என்று பிறகு ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். இரண்டு கேமராவில் மெமரி கார்டே போடவில்லை. போனில் லைவ் தெரிகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டார்கள். ஒன்றில் கார்டு செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. ஒன்றில் வாங்கும்போது இலவசமாகக் கொடுத்த கிளவுட் சேமிப்பு ஒரு மாதத்தோடு முடிந்திருந்தது, புதுப்பிக்கவில்லை. ஒரு டிவிஆரில் பதிவு இருந்தது, ஆனால் அதன் கடிகாரம் 2000-ம் வருஷம் ஜனவரியில் நின்றது. எந்த நாள் எது என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அதுவும் மேலெழுதிப் போய்விட்டது. இன்னொன்றில் லென்ஸ் முழுக்கச் சிலந்திக் கூடு. ஏழாவது என் வீடு. 64 ஜிபி கார்டு, மூன்று நாள் பதிவு. நெட்வொர்க் வேலையிலேயே இருபது வருஷம் ஓட்டியவன் நான். அந்தக் காவலர் முன்னால் நின்றபோது இருந்த வெட்கம்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

கேமரா வாங்கப் போகும்போது எல்லோரும் கேட்பது எத்தனை மெகாபிக்சல், இரவில் கலரில் தெரியுமா, சுற்றுமா, பேச முடியுமா என்றுதான். எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை. நான் சொல்லவந்தது அந்த ஒன்றைத்தான். முதலில் நாளை முடிவு செய்யுங்கள். கார்டு, பேன்ட்வித், வைஃபை எல்லாம் அந்த நாள் கணக்கிலிருந்து தானாக வரும்.

கணக்கு சின்னதுதான். கேமரா ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா தள்ளுகிறது என்பதை பிட்ரேட் என்கிறோம். எம்பிபிஎஸ் என்று எழுதுகிறார்களே, அது மெகாபிட். மெமரி கார்டில் போட்டிருப்பது ஜிபி, அதாவது ஜிகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிக் கணக்கு தவறுகிறது. ஒரு நாளைக்கு 86,400 நொடி. 1 எம்பிபிஎஸ் வேகத்தில் நாள் முழுக்கப் பதிவு செய்தால் 86,400 மெகாபிட், எட்டால் வகுத்தால் 10,800 மெகாபைட், அதாவது 10.8 ஜிபி. இந்த ஒரு எண்ணை மட்டும் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு எம்பிபிஎஸ், ஒரு நாள், 10.8 ஜிபி.

என் கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. நாளைக்கு 21.6 ஜிபி. 64 ஜிபி கார்டில் மூன்று நாள்கூட முழுசாக நிற்காது. கார்டு நிறைந்ததும் கேமரா கேட்காமல் பழையதை அழித்து அதன்மேல் எழுதும். அது தவறில்லை, அப்படித்தான் செய்ய வேண்டும். நாம்தான் அது எத்தனை நாளுக்கு ஒரு முறை நடக்கிறது என்று கேட்காமல் இருந்துவிட்டோம்.

வீட்டுக்கு எத்தனை நாள் வேண்டும்? என் கணக்கு 15. தீபாவளிக்கோ கோடை விடுமுறைக்கோ ஊருக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாளில் திரும்பிவிடுகிறோம். வந்தபிறகு பின்கட்டுப் பூட்டு உடைந்திருப்பது தெரியவந்தால், போன நாளிலிருந்து பதிவு இருக்க வேண்டும். அந்தக் காவலர் கேட்ட "முந்தின வாரமும்" அதற்குள் அடங்கும். ஒரு மாதம் வைக்க முடிந்தவர்கள் வையுங்கள். மூன்று நாள் மட்டும் போதவே போதாது.

இருக்கிற கேமராவை வைத்தே 15 நாள் எட்டலாம். செட்டிங்கில் வீடியோ என்ற பகுதிக்குப் போங்கள். ஹெச்.264, ஹெச்.265 என்று இரண்டு முறை இருக்கும். முன்னது 2003-ல் வந்தது, பின்னது 2013-ல். படம் கிட்டத்தட்ட அதே தரத்தில், பின்னதற்கு ஏறக்குறைய பாதி இடம் போதும். உங்கள் கேமராவில் ஹெச்.265 இருந்தால் அதற்கு மாற்றுங்கள். அடுத்தது பிரேம் ரேட். நொடிக்கு 25 படம் எடுக்க இது சினிமா இல்லை. ஆள் நடமாட்டம் பார்க்க 12 முதல் 15 போதும். இவ்விரண்டையும் செய்தால் 2 மெகாபிக்சல், 3 மெகாபிக்சல் கேமராவை 1 அல்லது 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கலாம், முகம் கெடாது. 1.5 என்றால் நாளைக்கு 16.2 ஜிபி. 256 ஜிபி கார்டில் 15 நாள். முடிந்தது வேலை.

ஒரு எச்சரிக்கை. 8 மெகாபிக்சல் கேமரா வாங்கிவிட்டு, இடம் போதவில்லை என்று 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்காதீர்கள். பகலில் ஆள் நிற்கும்போது அழகாக இருக்கும். ஆள் ஓடினால் படம் கரைந்து பாகு மாதிரி ஆகிவிடும். அந்த பிட்ரேட்டில் நல்ல 3 மெகாபிக்சல் கேமராவே தேவலை.

அசைவு வந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையைப் பலர் வைத்திருக்கிறீர்கள். இடம் மிச்சமாகும், உண்மைதான். ஆனால் நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். ஏரிப் பக்கம் இருக்கிற வீடுகளில் அந்தி சாய்ந்தால் பூச்சி மொய்க்கிறது. கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்கு அவை நேரே லென்ஸுக்கு வருகின்றன. அவற்றைப் பிடிக்கச் சிலந்தி வருகிறது. தெருநாய், வேப்பங்கிளை நிழல், பூந்தமல்லி சாலையிலிருந்து திரும்பும் வண்டிகளின் ஹெட்லைட், எல்லாமே அசைவுதான். இரவு முழுக்கப் பதிவாகி, காலையில் போனில் 240 அறிவிப்பு. ஒரு வாரத்தில் அறிவிப்பை அணைத்துவிடுகிறோம். அதோடு, அசைவைக் கண்டு கேமரா விழித்து எழுத ஆரம்பிப்பதற்குள் சில மாடல்களில் முதல் இரண்டு மூன்று நொடி போய்விடும். பைக்கில் வந்து செயின் அறுக்க அவ்வளவு நேரம் போதும். தெருவைப் பார்க்கிற கேமராவுக்குத் தொடர் பதிவு. வீட்டுக்குள்ளேயோ மாடிப்படியிலோ உள்ளதற்கு அசைவுப் பதிவு. இது என் அபிப்பிராயம். லென்ஸை மாதம் ஒரு முறை ஒட்டடைக் குச்சியால் தொட்டுவிடுவது இதைவிட முக்கியம்.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. போனுக்குப் போடும் சாதாரண கார்டு, இரவு பகலாக எழுதி அழித்து எழுதுவதற்குச் செய்ததல்ல. ஒரு வருஷத்தில் வாயைப் பிளந்துவிடும். கேமராவுக்கென்றே 'ஹை எண்டியூரன்ஸ்' என்று எழுதிய கார்டு கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூட. டிவிஆர், என்விஆர் வைத்திருப்பவர்களும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைப் போடாதீர்கள்; கண்காணிப்புக்கென்று தனி ஹார்ட் டிஸ்க் உண்டு, கடையில் 'சர்வைலன்ஸ்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கிற 256 ஜிபி கார்டு பெரும்பாலும் 256 ஆக இருக்காது. உள்ளே 16 இருக்கும், மேலே 256 என்று அச்சடித்திருக்கும். கேமரா சந்தோஷமாக எழுதிக்கொண்டே போகும், திரும்பப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

நான்கு கேமரா வைத்து ஒரே பெட்டியில் பதிவு செய்பவர்களுக்கும் அதே பெருக்கல்தான். 2 எம்பிபிஎஸ் வீதம் நான்கு என்றால் நாளைக்கு 86.4 ஜிபி. 1 டிபி ஹார்ட் டிஸ்க் பதினோரு நாளில் நிறையும். 2 டிபி போட்டால் 23 நாள்.

ஹார்ட் டிஸ்க் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு நம் மாநிலத்திலேயே மறக்க முடியாத ஒரு உதாரணம் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்களே, அந்த விஷயத்தில் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்கே போய் விசாரித்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். அதில் கேமராவைப் பற்றியும் எழுதியிருந்தார். ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 இரவு அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்பதற்குக் கேமரா சாட்சி இல்லாமல் போனது. கேமரா இருந்தது, இடம் இருந்தது, மெனுவில் ஒரு வரி மட்டும் அப்படி இருந்தது. கடைசியில் மனிதர்கள்தான் சாட்சி சொல்ல வேண்டி வந்தது. அதே வருஷம் டிசம்பர் 2-ம் தேதி, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. நீதிமன்றமும் கேமராவோடு நிறுத்தவில்லை, நாளைச் சொன்னது.

உங்கள் டிவிஆர் மெனுவில் 'ஆட்டோ டெலிட்', 'எக்ஸ்பயர்' என்று ஏதாவது ஒரு வரி இருக்கும். பொருத்த வந்த பையன் என்ன வைத்துவிட்டுப் போனான் என்று இன்றைக்கே பாருங்கள்.

இனி பேன்ட்வித். "கேமரா போட்டதிலிருந்து நெட் ஸ்லோ" என்று அடிக்கடி கேட்கிறேன். பாதி உண்மை. கேமரா தன் உள்ளே இருக்கிற கார்டிலேயே எழுதிக்கொண்டு, யாரும் பார்க்காமல் இருந்தால் அது உங்கள் இணையத்தைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். கார்டுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருப்பது இரண்டு அங்குலம்தான். நீங்கள் அலுவலகத்திலிருந்து போனில் பார்க்கும்போது, அல்லது கிளவுடுக்குப் பதிவு போகும்போதுதான் வீட்டிலிருந்து வெளியே டேட்டா போகிறது. அது அப்லோடு. நாம் பிளான் வாங்கும்போது பார்ப்பது டவுன்லோடு வேகத்தை. ஃபைபர் இணைப்பில் பெரும்பாலும் இரண்டும் சமமாக இருக்கும். பழைய கேபிள் வழி இணைப்பு இன்னும் வைத்திருப்பவர்கள் அப்லோடை ஒரு முறை அளந்து பாருங்கள்.

நான்கு கேமராவும் நாள் முழுக்க கிளவுடுக்குத் தள்ளினால் 8 எம்பிபிஎஸ் அப்லோடு இடைவிடாமல் போகும். மாதத்துக்கு ஏறக்குறைய 2.6 டிபி. 'அன்லிமிடெட்' என்று விற்கிற பிளான்கள் பலவற்றில் 3.3 டிபியில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் வேகம் விழும். பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, டிவியில் படம், வீட்டிலிருந்து வேலை எல்லாம் மிச்சமிருக்கிற இடத்தில் ஓட வேண்டும். 25-ம் தேதிக்கு மேல் நெட் படுத்துவிடுகிறது என்று புகார் சொல்பவர்கள் கேபிள்காரரைத் திட்டும் முன்பு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிளவுடு வேண்டாம் என்று சொல்லவில்லை. திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் கார்டும் கூடவே போகும். அப்போது கிளவுடில் இருப்பதுதான் மிச்சம். வாசல் கேமரா ஒன்றுக்கு மட்டும், ஆள் வந்தால் மட்டும் போகிற கிளவுடு. மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்குள் இருக்கிற வைஃபைதான் உண்மையான நெரிசல். ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. கேமரா கேட் தூணில். நடுவில் ஒரு கான்கிரீட் சுவர், ஒரு இரும்பு கிரில், நிறுத்திவைத்த கார். சிக்னல் தேய்ந்துதான் போய்ச் சேரும். சிக்னல் குறைந்தால் கேமரா மெதுவாகப் பேச ஆரம்பிக்கும். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுத்தால் பின்னால் நிற்கிற எல்லோருக்கும் தாமதமாகிறதில்லையா, அதேதான். ஒரே அலைவரிசையில் எல்லாக் கருவியும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். தூரத்துக் கேமரா அதே டேட்டாவைக் கொடுக்க அதிக நேரம் எடுக்கிறது. அதுவரை மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அதனால் ஒரு மோசமான சிக்னல் கேமரா வீட்டு வைஃபை முழுவதையும் இழுக்கும். வைஃபை வழியாக என்விஆருக்கு அனுப்பும் நான்கு கேமரா என்றால் இந்த இழுபறி இருபத்துநாலு மணி நேரமும்.

விலை குறைந்த கேமரா பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பேசும். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடியில் உட்கார்ந்து போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் பதினைந்து பெயர் வருகிறது. எல்லோரும் அந்த மூன்றில்தான் முண்டிக்கொண்டிருக்கிறோம். செய்யக்கூடியது இரண்டு. போன், லேப்டாப், டிவி எல்லாவற்றையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்; 2.4-ஐக் கேமராவுக்கு விட்டுக்கொடுங்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வாசல் பக்கச் சுவரில் உயரத்தில் வையுங்கள். செலவில்லாத வேலை, பாதி வீட்டில் இதிலேயே தீர்ந்துவிடும்.

அப்படியும் தீராவிட்டால் ஒயர் இழுங்கள். நான் வைஃபை விரோதி இல்லை; சோறு போட்டதே அதுதான். ஆனால் நகராத பொருளுக்கு எதற்கு ஒயர்லெஸ்? நெட்வொர்க் கேபிள் நூறு மீட்டர் வரை போகும், அதிலேயே கரண்டும் போகும் கேமராக்கள் உண்டு. புது வீடு கட்டுகிறவர்கள், பெயின்ட் அடிக்கப் போகிறவர்கள் அப்போதே கேட் தூண் வரை ஒரு காலி பைப் போட்டுவைத்துவிடுங்கள். பிற்பாடு என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

கரண்ட். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் நாம் இருட்டில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கும். வீடு பூட்டி உறவினர் வீட்டுக்குப் போனவர்களும் இருந்தார்கள். வீடு காலியாக இருந்த அந்த நாட்களில்தான் கேமராவும் காலி. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், வாசல் கேமரா மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். மூன்றும் சேர்ந்து ஒரு ஃபேன் அளவுகூட இழுக்காது. இன்வெர்ட்டர் இல்லாதவர்களுக்கு ரவுட்டருக்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. நெட் போனாலும் கார்டில் எழுதுகிற கேமரா எழுதிக்கொண்டேயிருக்கும். கிளவுடை மட்டும் நம்பிய கேமரா பொம்மைதான்.

கரண்ட் போய் வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். டிவிஆர் உள்ளே இருக்கிற பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால் ஒவ்வொரு கட்டுக்கும் தேதி பின்னால் ஓடிவிடும். சில கேமரா சீன நேரத்தோடு வந்து இறங்குகிறது. நம்மைவிட இரண்டரை மணி முன்னே. காலை ஐந்தரைக்கு நடந்தது எட்டு மணி என்று காட்டும். நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றி, இணையத்திலிருந்து தானாக நேரம் எடுக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

கடவுச்சொல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் சிலர் காபி எடுக்கப் போய்விட்டீர்கள். அவர்களுக்காக இன்னொரு முறை. 2016-ல் மிராய் என்றொரு தீம்பொருள் உலகம் முழுக்க வீட்டுக் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. பெரிய மந்திரமெல்லாம் இல்லை. கம்பெனி வைத்து அனுப்பிய அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வரிசையாக முயன்று பார்த்தது. அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த அக்டோபர் 21-ம் தேதி டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் திணறின. அது தூர தேசத்துக் கதை என்றால் இதைக் கேளுங்கள். 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள், பரிசோதனை அறையில் பெண்கள் இருக்கும் காட்சிகள், திருடப்பட்டு இணையத்தில் விலைக்குப் போனது வெளியே வந்தது. படுக்கையறை, குளியலறை வாசல், பிள்ளைகள் உடை மாற்றும் இடம், இங்கெல்லாம் கேமரா வேண்டாம். எவ்வளவு நல்ல கடவுச்சொல் வைத்தாலும் வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. புதிதாக வாங்குபவர்கள் அந்தச் சான்று இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய கேமராவுக்கு அந்தச் சோதனை கிடையாது. கடவுச்சொல்லை நாமேதான் மாற்ற வேண்டும்.

பக்கத்து வீடு. இதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த கூட்டத்தில் சண்டைதான் நடக்கும். உங்கள் கேமரா உங்கள் வாசலையும் தெருவையும் பார்க்கட்டும். எதிர்வீட்டு ஜன்னலையோ, பக்கத்து மொட்டைமாடித் துணிக்கொடியையோ பார்க்க வேண்டியதில்லை. கோணம் மாற்ற முடியாவிட்டால் 'பிரைவசி மாஸ்க்' என்று ஒரு வசதி இருக்கிறது, படத்தில் அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிவிடும். மறைத்துவிட்டு, போய் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஏதாவது நடந்துவிட்டால் என்ன செய்வது. 2016 ஜூன் 24 அன்று நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமராவே இல்லை. சந்தேகத்துக்குரியவரின் படம் பக்கத்துத் தெருக்களிலிருந்த தனியார் கேமராக்களிலிருந்துதான் கிடைத்தது. அதற்கடுத்த வருஷங்களில் ஏ.கே.விஸ்வநாதன் ஆணையராக இருந்தபோது 'மூன்றாவது கண்' என்று சொல்லி நகரம் முழுக்கக் கேமரா வைக்கச் சொன்னார்கள். அப்போது நம் பகுதியும் சென்னைக் காவல் எல்லையில்தான் இருந்தது. ஆவடி தனி ஆணையரகமானது 2022 ஜனவரியில். ஆக, உங்கள் வீட்டுப் பதிவு உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மூன்று தெரு தள்ளி நடந்ததற்கும் அது தேவைப்படலாம்.

எனவே சம்பவம் என்று தெரிந்த உடனே கார்டைக் கழற்றி எடுத்துவையுங்கள், வேறு கார்டு போடுங்கள். டிவிஆர் என்றால் அந்த நேரத்துப் பகுதியைப் பென்டிரைவில் இறக்கிவிடுங்கள். கேமராக் கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் எத்தனை நிமிஷ வித்தியாசம் என்று ஒரு தாளில் குறியுங்கள். டிவி திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குரூப்பில் பரபரப்பு வரும், வழக்குக்குப் பயன்படாது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். மூலக் கோப்புதான் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான ஒரு எண், குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அதை எப்படி எடுப்பது என்று காவல் நிலையத்தில் வழிகாட்டுவார்கள். நீங்கள் மூலத்தைக் கெடுக்காமல் கொடுத்தால் போதும்.

கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "இவ்வளவையும் யார் ஞாபகம் வைத்துக்கொள்வது தம்பி?" நியாயமான கேள்வி. என் வீட்டில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கேஸ் புக் பண்ணுகிற மாதிரி ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆப்பைத் திறந்து பதினான்கு நாள் முந்தைய தேதிக்குப் போய், விடியற்காலை ஐந்தரை மணியை ஓட்டிப் பார்ப்பேன். ஓடினால் கார்டும் சரி, கடிகாரமும் சரி, லென்ஸும் சரி. இரண்டு நிமிஷம் ஆகும். இன்னொருவர் செயின் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை, இதுவரை கிடைக்கவில்லை.

வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். கேமரா ஆப் இருக்கிற போனையும், கேமரா வந்த பெட்டியையும், கடவுச்சொல் எழுதிய தாளையும் எடுத்து வாருங்கள். புது கார்டு வாங்கிக்கொண்டு வர வேண்டாம். உங்கள் கேமரா எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்று முதலில் பார்த்துக்கொள்வோம். பழைய மாடல் சிலது 128-க்கு மேல் தொடாது. பெரியவர்கள் தனியாக இருக்கிற வீடுகளுக்கு நானே ஏணியோடு வருகிறேன், சங்கக் காவலாளியிடம் வீட்டு எண்ணைச் சொல்லிவையுங்கள்.